பக்கத்து வீட்டிலும் இல்லையென்றால்?

(பெற்றோர் கூட்டத்தில் இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியை ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது திருத்தி எழுதப்பட்டது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'கணிதத்தில் பெற்றோரின் பங்கு' என்பது. அது பெரிய தலைப்பு. நானோ பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து, பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். ஆகவே பெரிய தலைப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரே ஒரு கணக்கைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்டுக்கொண்டேன். கணக்கு இதுதான்: 503-இல் 267 போனால் மீதி எவ்வளவு?

சிலர் சிரிக்கிறீர்கள். விரல் விட்டு எண்ணாமலே 236 என்று சொல்லி விடுவீர்கள். சரிதான். ஆனால் ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய ஆறு. கூட்டலை எளிதாகத் தாண்டி வந்த பிள்ளை, பெருக்கல் வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்புவிக்கும் பிள்ளை, இங்கே வந்து கரையில் நின்று விடுகிறது. அதற்குக் காரணம் நடுவில் இருக்கிற அந்தச் சுழியம்.

நாம் எல்லோரும் எப்படிப் படித்தோம்? 'மூணுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு.' நானும் அப்படித்தான் படித்தேன். பயிற்சி முடித்து வந்த பிறகும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். 52-இல் 27 போன்ற கணக்குகளுக்கு அது நன்றாக ஓடும். 503 வந்ததும் வண்டி நின்று விடும். ஒரு நாள் முன்வரிசையிலிருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "பக்கத்து வீட்டுலயும் ஒண்ணும் இல்லையே டீச்சர், அவங்ககிட்ட எப்படிக் கடன் கேக்குறது?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து விட்டு, "அவங்க அதுக்கும் அடுத்த வீட்டுல வாங்கி உனக்குக் குடுப்பாங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். சொல்லும்போதே எனக்கு உறுத்தியது. கடையில் 555 புத்தகத்தில் எழுதி வைத்துச் சாமான் வாங்கும் வீட்டுப் பிள்ளை அவள். மாதக் கடைசியில் யாரிடம் கேட்டால் கிடைக்கும், யாரிடம் கேட்டால் கிடைக்காது என்பதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வேறொன்றும் அவள் கேட்டிருக்கலாம். வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது? நம் கணக்கில் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. இந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

நிற்க. சென்ற ஆண்டு என் வகுப்பில் 11 பிள்ளைகள். மேற்சொன்ன கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். சரியான விடையைத் தவிர வேறு நான்கு விடைகள் இருந்தன: 364, 146, 336, 246. முன்பெல்லாம் நான்கையும் சிவப்பு மையால் அடித்து 'கவனமின்மை' என்று எழுதி விடுவேன். இம்முறை அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் அழைத்து, "எப்படிச் செஞ்சேன்னு சொல்லு" என்றேன்.

364 எழுதியவன், மேலே கீழே பார்க்காமல் எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். ஏழில் மூன்று போனால் நான்கு, ஆறில் சுழியம் போனால் ஆறு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. அவனுக்குக் கடனே தேவைப்படவில்லை! 336 எழுதியவள், நடுவில் இருந்த சுழியத்தை ஒன்பதாக மாற்றினாள்; ஆனால் ஐந்தை நான்காக்க மறந்து விட்டாள். 'நடுவுல சுழியம் இருந்தா ஒன்பது போடணும்' என்று மட்டும் மனப்பாடம். அவளுக்கு நூறு வெள்ளி சும்மா கிடைத்து விட்டது. 246 எழுதியவன் ஐந்தை நான்காக்கிப் பத்தை வாங்கிக்கொண்டான். அந்தப் பத்தில் ஒன்றை ஒன்றுகள் இடத்துக்குக் கொடுத்து விட்டோமே, ஒன்பதுதானே மீதம் என்பதை மறந்து விட்டான். அவனுக்குப் பத்து வெள்ளி இலாபம்.

நான்காவது விடை 146. அதுதான் எனக்குப் பிடித்தது. அந்தப் பிள்ளை சுழியத்தைத் தாண்டிக் குதித்து, நேரே ஐந்திடம் போய் ஒன்றை வாங்கி மூன்றின் பக்கத்தில் வைத்து விட்டது. 13-இல் 7 போனால் 6. பிறகு சுழியத்துக்காக மறுபடியும் ஒரு முறை போய் வாங்கியது. ஐந்து மூன்றாகி விட்டது. இதையே பணமாக நினைத்துப் பாருங்கள். நூறு வெள்ளி நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, பத்து ஒரு வெள்ளி நோட்டுகளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. 90 வெள்ளி நஷ்டம்! 146-ஐயும் 236-ஐயும் ஒப்பிட்டுப் பாருங்கள், சரியாக 90 குறையும். இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் கடைத் தவுக்கே எழுந்து நின்று வரவேற்பார் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை ஒரு நிமிடம் யோசித்து விட்டு, "ஐயோ, ஏமாந்துட்டேன் டீச்சர்!" என்றது. அதற்குப் பிறகு அந்தத் தவற்றை அது செய்யவே இல்லை.

நான்கில் எதுவும் கவனமின்மை கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விதியை வைத்துக்கொண்டு அதன்படி ஒழுங்காகவே நடந்திருக்கிறது. விதிதான் தப்பு. 1978-இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இருவர் கழித்தல் கணக்கில் பிள்ளைகள் செய்யும் பிழைகளை ஆராய்ந்து இதையேதான் எழுதினார்கள். சுழியத்தைத் தாண்டிக் கடன் வாங்கும் பிழைக்கும் அவர்கள் பட்டியலில் இடம் உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளையும் அந்த நாட்டுப் பிள்ளையும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல்.

இனி, நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே பொருள் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு சோதனை வைத்தேன். சுமாராகப் படிக்கும் ஒரு பையன் கழித்தல் கணக்குகள் அத்தனைக்கும் சரியான விடை எழுதியிருந்தான். ஆனால் அவன் செய்த வழியைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. மேலே இருக்கும் எண்ணை அவன் அடிக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கீழே இருக்கும் எண்களின் பக்கத்தில் சின்னச் சின்னதாக ஒன்று, ஒன்று என்று எழுதி வைத்திருந்தான். குளறுபடியான வழியில் சரியான விடை எப்படி வரும்? பார்த்து எழுதி விட்டான் என்று முடிவு கட்டினேன். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், "யாருதைப் பாத்து எழுதினே?" என்று கேட்டேன். "பாக்கல டீச்சர்" என்றான். நான் நம்பவில்லை. பக்கத்துப் பையனிடமிருந்து பிரித்துத் தனியாக உட்கார வைத்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளி விட்டதும் நான் லயத்துக்குப் போனேன். அப்பா அம்மா இருவரும் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் பாட்டி மட்டும்தான் இருந்தார். "வாங்க டீச்சரம்மா" என்று உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வர மறுத்தான்.

நான் நோட்டைக் காட்டி, "இந்த மாதிரி யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன். பாட்டி கொஞ்சம் பயந்து போய், "நான்தாங்க. தப்புங்களா? நாங்க படிக்கையில இப்படித்தாங்க போடுவோம்" என்றார். பழைய தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். அதற்கு மேல் படிக்க வைக்காமல் தாயாரோடு பால்மரக் காட்டுக்கு அனுப்பி விட்டார்கள். அந்த நான்கு வகுப்புக் கணக்கு அவரிடம் இன்னும் அப்படியே இருந்தது. ஒரு பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, என் முன்னால் 503-இல் 267-ஐப் போட்டுக் காட்டினார்.

"மூணுல ஏழு போவாது. கடன் வாங்குனா பதிமூணு. பதிமூணுல ஏழு போனா ஆறு. வாங்குன கடன் ஒண்ணை ஆறுல திருப்பிக் குடுத்தா ஏழு. சைபர்ல ஏழு போவாது. கடன் வாங்குனா பத்து. பத்துல ஏழு போனா மூணு. வாங்குன கடன் ஒண்ணை ரெண்டுல திருப்பிக் குடுத்தா மூணு. அஞ்சுல மூணு போனா ரெண்டு. எரநூத்தி முப்பத்தாறு."

அன்பர்களே, கவனித்தீர்களா? அவருக்குச் சுழியம் ஒரு தடையாகவே இல்லை. மூன்றைப் போல, நான்கைப் போல அதையும் ஓர் எண்ணாக நினைத்துத் தாண்டிப் போய்விட்டார். அதோடு, என் வகுப்புப் பெண்பிள்ளை கேட்காமல் விட்ட கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது. அவர் கடனைத் திருப்பிக் கொடுக்கிறார்!

"ஏன் கீழே இருக்கிற எண்ணுல திருப்பிக் குடுக்குறீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுங்க. வாங்குனா குடுக்கணும்ல?" என்றார்.

எனக்கும் உடனே தெரியவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு, அன்றிரவு வீட்டில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. உங்களுக்கும் சொல்கிறேன். அக்காளுக்கு 12 வயது, தம்பிக்கு 8 வயது. வித்தியாசம் 4. பத்து ஆண்டு கழித்து 22, 18. அப்போதும் வித்தியாசம் 4-தான். இரண்டு எண்ணிலும் ஒரே அளவைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது. பாட்டி மேலே உள்ள எண்ணுக்கு ஒன்றுகள் இடத்தில் பத்தைக் கூட்டுகிறார். கீழே உள்ள எண்ணுக்குப் பத்துகள் இடத்தில் ஒன்றைக் கூட்டுகிறார். இரண்டும் ஒரே பத்துதான். அடுத்த இடத்தில் அதே போல இரண்டுக்கும் நூறு. ஆக, அவர் உண்மையில் செய்த கணக்கு 613-இல் 377 போவது. போட்டுப் பாருங்கள், 236 வரும். இங்கிலாந்துப் பள்ளிகளில் நெடுங்காலம் வழக்கில் இருந்த முறை இது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன்.

மறுநாள் பையன் வந்தான். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டதை எல்லோர் முன்னிலையிலும்தான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். "இவன் யாரையும் பார்த்து எழுதல. டீச்சர்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். பிறகு கரும்பலகைக்கு அழைத்து, பாட்டியின் வழியை அவனையே செய்து காட்டச் சொன்னேன். கையெல்லாம் சாக்கட்டித் தூளாகச் செய்து காட்டினான். அந்த வாரம் முழுவதும் அவன் கையைத் தூக்காத பாடமே இல்லை.

அப்படியானால் எல்லோரும் பாட்டி வழியையே சொல்லிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். வழி சரிதான், ஆனால் ஏன் சரி என்பது சின்னப் பிள்ளைக்கு எளிதில் பிடிபடாது. எனக்கே ஓர் இரவு ஆயிற்று. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் பிரௌனெல் என்பவர் 1949-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பெரிய இடத்து எண்ணை உடைத்துச் செய்யும் முறையைப் பொருள் விளங்கும்படி சொல்லிக் கொடுத்தால் அதுவே நன்றாக நிற்கிறது என்பது அவர் கண்டது. பொருள் விளங்காமல் வெறும் சடங்காகச் சொல்லிக் கொடுத்தால் அந்த முறைக்கு அப்படியொரு மேன்மை கிடையாது. நான் பல ஆண்டுகள் செய்தது இந்தச் சடங்குதான்.

இப்போது என் வகுப்பில் 'கடன்' என்ற சொல்லை விட்டு விட்டேன். 'மாற்று' என்கிறோம். சில்லறை மாற்றுவதுதான். செம்பனை ஓலையில் கிழித்த ஈர்க்குகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். பத்துக் கட்டுகளைச் சேர்த்தால் நூறு. அதைப் பெரிய வளையம் போட்டு ஒரு மில்க் பவுடர் டின்னில் நிற்க வைப்போம். 503 என்றால் ஐந்து டின், மூன்று உதிரி ஈர்க்கு. ஏழு ஈர்க்கு கொடு என்றால் பிள்ளை என்ன செய்யும்? உதிரி போதாது. கட்டும் இல்லை. ஒரு டின்னைக் கவிழ்க்கத்தான் வேண்டும். கவிழ்த்தால் பத்துக் கட்டு விழுகிறது. அதில் ஒரு கட்டைப் பிரிக்கிறது. இப்போது கண்ணெதிரே நான்கு டின், ஒன்பது கட்டு, பதின்மூன்று உதிரி. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று நான் விளக்க வேண்டியதே இல்லை.

ஈர்க்குப் பழகிய பிறகு ஒரு சிறிய குறுக்கு வழி. 503 என்பதில் எத்தனை பத்து இருக்கிறது? 'சுழியம்' என்று சொல்லும் பிள்ளையிடம் டின்களைக் காட்டி மறுபடி கேட்பேன். ஐம்பது! ஐம்பது பத்துகளில் ஒன்றை உடைத்தால் நாற்பத்தொன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. 13-இல் 7 போனால் 6. 49-இல் 26 போனால் 23. ஆக 236. ஆயிரத்தில் 456 போகும் கணக்குக்கும் இப்படியே: நூறு பத்துகளில் ஒன்றை உடைத்தால் 99 பத்து, பத்து ஒன்று. பத்தில் ஆறு போனால் நான்கு. 99-இல் 45 போனால் 54. விடை 544. மூன்று சுழியத்தையும் ஒவ்வொன்றாக அடித்து அடித்து, நோட்டில் ஓட்டை விழும்வரை அழிக்க வேண்டியதில்லை. (ஆயிரத்துக்கு நோட்டு வைத்து விளையாட, அட்டையில் நாங்களே ஒன்று செய்து கொண்டோம். உண்மையான ஆயிரம் வெள்ளி நோட்டு 1999-இல் செல்லாது என்றாகி விட்டதால், பிள்ளைகள் அதைக் கண்டதில்லை. இருந்திருந்தாலும் என் சம்பளத்தில் அதை வகுப்புக்குக் கொண்டு வந்திருக்க மாட்டேன்.)

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடத்தையும் சொல்லி விடுகிறேன். மலாயில் செம்பிலான், செம்பிலான் பூலோ, செம்பிலான் ராத்தூஸ் என்று ஒன்பது ஒழுங்காக வரும். தமிழிலோ ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். தொண்ணூறு என்று சொன்னதும் 'நூறு' காதில் விழுந்து, 900 என்று எழுதி விடுகிற பிள்ளை ஆண்டுக்கு ஒன்றாவது இருக்கும். சுழியம் நடுவில் வரும் கழித்தலில் அடிக்கடி வருவதே ஒன்பதுதான். ஆகவே எண்ணின் பெயரையும் ஈர்க்குக் கட்டையும் சேர்த்துச் சேர்த்துப் பழக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு வேடிக்கை: நம் பழைய தமிழ் எண் முறையில் நூறுக்கு ௱ என்று தனி எழுத்து உண்டு. 503-ஐ ௫௱௩ என்று எழுதி விடுவார்கள். நடுவில் சுழியமே வராது! இதைப் பலகையில் எழுதிக் காட்டியபோது, "அப்ப அந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஜாலி டீச்சர்" என்றான் ஒருவன்.

பெற்றோர்களே, உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. வீட்டில் பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்கும் முன், "டீச்சர் எப்படிச் சொன்னாங்க, செஞ்சு காட்டு" என்று ஒரு முறை கேட்டு விடுங்கள். ஏனென்றால் பள்ளி வழியும் வீட்டு வழியும் பாதிப் பாதியாகக் கலந்தால் பெரிய வம்பு. மேலே உள்ள எண்ணையும் குறைத்து, கீழே உள்ள எண்ணையும் கூட்டினால், இதே கணக்குக்கு 126 என்று விடை வரும். அந்தப் பிள்ளை பள்ளி சொன்னதையும் கேட்டது, வீடு சொன்னதையும் கேட்டது. பாவம், இரண்டு பேருக்கும் கீழ்ப்படிந்ததால் தப்புப் போட்டது. உங்கள் வழி வேறாக இருந்தால் நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இனிமேல் நான் சிவப்பு மையை எடுக்கும் முன் கேட்டுக் கொள்வேன்.

கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது மீதிச் சில்லறையை எண்ணச் சொல்லுங்கள். பத்து வெள்ளி கொடுத்து 6 வெள்ளி 70 காசுக்குச் சாமான் வாங்கினால், தவுக்கே கழித்துப் பார்ப்பதில்லை. 30 காசை வைத்து ஏழு என்பார், மூன்று வெள்ளியை வைத்துப் பத்து என்பார். கீழிருந்து மேலே ஏறுகிற இந்த வழியில் 267-இலிருந்து 503-க்கும் ஏறலாம்: 3 வைத்தால் 270, 30 வைத்தால் 300, பிறகு 203. மொத்தம் 236. எழுதாமல் மனத்திலேயே செய்து பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பாட்டி இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டதால் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் ஈர்க்குக் கட்டு வேண்டுவோர் என் மேசைக்கு வரலாம். ஆளுக்கு ஐம்பது ஈர்க்கு நறுக்கி வைத்திருக்கிறேன். மலரில் படிப்பவர்கள் எந்த நாளும் பள்ளிக்கு வந்து கேட்டு வாங்கிக் கொள்ளலாம். ரப்பர் வளையம் மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள், கையிருப்புத் தீர்ந்து விட்டது.